எங்கள் ஊருக்கு பிளக்-இன் கார் வந்து சேரும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போக வர 60. இங்கிருந்து வேலைக்குப் போகிற தாதியர், ஆசிரியர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள் என்று நிறையப் பேருக்கு அன்றாட ஓட்டம் அவ்வளவுதான். சாயங்காலம் வந்து கேட்டுக்குள் காரைப் போட்டால் மறுநாள் காலைவரை அது அங்கேயேதான் நிற்கும். நெடுஞ்சாலை ஓய்விடத்திலும் ஈப்போவிலும் இருக்கும் வேக சார்ஜரை நம்பி முழு மின்சாரக் கார் வாங்க இங்கே பலருக்குத் துணிச்சல் வருவதில்லை. அதில் ஞாயமும் இருக்கிறது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஜொகூருக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

அப்படிப் பார்த்தால் பிளக்-இன் ஹைப்ரிட் எங்கள் ஊருக்கென்றே செய்த கார்தான். வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்யலாம், அன்றாட ஓட்டத்தைப் பெரும்பாலும் மின்சாரத்தில் முடிக்கலாம், தூரம் போனால் பெட்ரோல் இருக்கிறது. ஆனாலும் இத்தனை வருடமாக இந்த ஊரில் கார் விற்கும் என்னிடம் 'பிளக்-இன் இருக்கா அண்ணே' என்று தானாக வந்து கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ஏதோ கேட்டு வந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கார் காட்டப்பட்டது. அது ஏன் அன்றைக்கு, அவர்களுக்குக் காட்டப்பட்டது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் பேச விரும்புகிறேன். காரின் குணத்தை விட, அது எப்படி நம் கண்முன் வந்து நின்றது என்பது பாக்கெட்டை அதிகம் பாதிக்கும்.

மலேசியாவில் கார் விலையில் பெரிய பங்கு வரிதான். கலால் வரி மட்டும் கார் வகையையும் எஞ்சின் அளவையும் பொறுத்து 60 முதல் 105 விழுக்காடு. அதற்கு மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. இதில் அரசாங்கம் ஒரு கதவைத் திறந்தால், அந்த வகைக் கார் ஒரே நாளில் மலிவாகிவிடும். மூடினால் அதே வேகத்தில் காணாமல் போகும். 2011-இல் 2,000 சிசிக்குக் கீழான ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும்) கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுதாக விலக்கப்பட்டன. ஹோண்டா இன்சைட் 98,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்த காலம் அது. 2013 டிசம்பர் 31-உடன் வெளிநாட்டிலிருந்து அப்படியே வரும் ஹைப்ரிட்களுக்கு அந்தச் சலுகை முடிந்தது. அதற்கு முந்தின மாதங்களில் எல்லாக் கடைகளிலும் ஒரே பேச்சு: 'இப்ப விட்டா கெடைக்காது.' வாங்கியவர்கள் பலர் மைலேஜைப் பார்த்து வாங்கவில்லை. தேதியைப் பார்த்து வாங்கினார்கள்.

அடுத்த கதவு 2014 தேசிய மோட்டார் வாகனக் கொள்கையில் திறந்தது. எரிபொருள் சிக்கனமான காரைப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கேயே பூட்டினால் நிறுவனத்துக்கு நிறுவனம் தனியாகப் பேசி வரிச்சலுகை. பிளக்-இன் கார்கள் அதில் சுலபமாகத் தேறின. சோதனைக்கூடத்தில் பேட்டரியை நிரப்பிக்கொண்டுதான் ஓட்டம் தொடங்குகிறது, அதனால் தாளில் 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் சொச்சம் என்று வரும். 2016 வாக்கில் பென்ஸ் சி350இ பெக்கானிலும், பிஎம்டபிள்யூ 330இ கூலிமிலும், வால்வோ எக்ஸ்சி90 டி8 ஷா ஆலாமிலும் பூட்டப்பட்டு வந்தன. பிளக் இல்லாத அதே ரகக் காரின் விலையை ஒட்டியே இவையும் வந்ததால், கொஞ்சம் வசதியானவர்கள் யோசிக்காமல் எடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் அப்படி ஒன்று வாங்கினார். சார்ஜ் கேபிளின் பை காருக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் சீல் பிரிக்காமலே கிடந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளைப் பார்க்கத் தோட்டத்துக்கும் மில்லுக்குமாக அலைகிறவர், பிளக்கைத் தேடி ஒருநாளும் போனதில்லை. பிளக் போடாத பிளக்-இன் கார், கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு ஓடும் இரண்டு லிட்டர் டர்போதான். சாலை வரியும் எஞ்சின் சிசிக்குத்தான், 1,998 சிசிக்கு வருடம் 379 வெள்ளி. முழு மின்சாரக் கார்களுக்கு 2025 கடைசிவரை இருந்த சாலை வரி விலக்கு இவற்றுக்கு இல்லை.

அந்தக் கார்களைப் பற்றி மறுபடி பேசுகிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் ஊருக்கு அதிகமாக வருவது அவைதான். அதற்கு முன் டீலர் கடைக்குள் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கார் கம்பெனி காரை நமக்கு விற்பதில்லை, டீலருக்கு விற்கிறது. டீலர் பெரும்பாலும் வங்கிப் பணத்தில் எடுக்கிறார். யார்டில் நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி. மாத இலக்கு, காலாண்டு இலக்கு என்று இரண்டு இருக்கும். எட்டிப் பிடித்தால் அதுவரை விற்ற எல்லாக் கார்களுக்கும் சேர்த்து ஒரு போனஸ், ஒன்று குறைந்தாலும் அது கையைவிட்டுப் போகும். அதனால் காலாண்டின் கடைசி வாரத்தில் ஒரு காரை நட்டத்துக்குக்கூடத் தள்ளுவார்கள். அந்த ஒரு கார் மற்ற எல்லாவற்றின் போனஸையும் மீட்டுக் கொடுக்கும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாட்களில் கிடைக்கும் தள்ளுபடி மற்ற நாட்களில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

என்னைப் போன்ற விற்பனையாளருக்கு ஒரு காருக்கு இவ்வளவு என்று கமிஷன். மைவி மாதிரிச் சின்ன பெட்ரோல் கார் விற்க ஒரு சந்திப்பு போதும், சில சமயம் வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிடும். பிளக்-இன் விற்க வீட்டுக்குப் போக வேண்டும், ஒயரிங் பார்க்க வேண்டும், வீட்டம்மாவிடம் மின்கட்டணக் கணக்குச் சொல்ல வேண்டும், அப்புறம் ஈப்போவுக்கு அழைத்துப்போய் ஓட்டிக் காட்ட வேண்டும். டெமோ கார் அங்கேதான் இருக்கும், அதுவும் ஒன்றுதான். சனிக்கிழமை கேட்டால் வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். இவ்வளவு பாடுபட்டாலும் கமிஷன் அதற்கேற்பக் கூடுவதில்லை. அதனால் முகவர்கள் பிளக்-இன் பக்கம் பேச்சையே திருப்ப மாட்டார்கள். தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் 'அந்தப் பக்கம் கேட்பார் இல்லை' என்று எழுதப்படும். கேட்பார் இல்லாததால் டெமோ கார் வராது, டெமோ வராததால் கேட்பாரும் இருக்க மாட்டார்கள். நாட்டில் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். ஆர்வம் வருவதற்குக் கண்ணால் பார்க்கவாவது வேண்டாமா?

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முகவர் தானாக வந்து 'இந்த பிளக்-இன்னை எடுங்க சார், நல்ல ரிபேட் இருக்கு' என்றால், அந்தக் காரைப் பற்றிக் கேள்விகள் கேட்க வேண்டும். ஒருமுறை ஒரு கடையிலிருந்து இப்படி ஒரு வெள்ளைக் காரைக் காட்டி எனக்கு ஆள் பிடித்துத் தரச் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரோடு போய்ப் பார்த்தேன். இருக்கையில் பிளாஸ்டிக் உறை இருந்தது, மீட்டரில் இரண்டு இலக்கக் கிலோமீட்டர். பார்க்கப் புத்தம் புதுசு. குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1924. அதாவது 2024-இன் 19-ஆவது வாரத்தில் செய்த டயர். நாங்கள் பார்த்தது 2025 கடைசியில். டயர் காரை விட முன்னதாகச் செய்யப்படுவது சகஜம், ஆனால் ஒன்றரை வருட இடைவெளி சகஜம் இல்லை. உற்பத்தி ஆண்டு என்ன என்று கேட்டதும், '2025-லதானே ரெஜிஸ்டர் பண்றோம்' என்று பதில் வந்தது. கேட்டது ஒன்று, வந்த பதில் இன்னொன்று. பிற்பாடு ஆவணத்தைக் காட்டியபோது 2024 என்றுதான் இருந்தது.

பழைய ஸ்டாக் என்பதாலேயே ஒரு கார் கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் நாளைக்கு விற்கப் போனால் உற்பத்தி ஆண்டை வைத்துத்தான் விலை பேசுவார்கள். பிளக்-இன்னில் இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் வெயிலில் நின்ற காரில் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும், பெரிய பேட்டரியையும் யாரும் இடையிடையே சார்ஜ் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட காரை எடுப்பதென்றால் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: உற்பத்தி ஆண்டு, பேட்டரி உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது, ஒப்படைக்கும் முன் முழுதாகச் சார்ஜ் செய்து எடுத்த படம். தள்ளுபடியும் அந்த வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அந்த ஆசிரியர் அந்தக் காரை எடுக்கவில்லை. காரணம் உற்பத்தி ஆண்டு மட்டும் அல்ல, கணக்கும்தான்.

கணக்கு என்றால் இதுதான். அவருக்கு மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் மின்சாரம் என்று வைத்தால் மாதம் 300 யூனிட். 2025 ஜூலையிலிருந்து வந்த புதிய மின்கட்டண முறையில் சாதாரண வீட்டுக்கு எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 44 சென் சொச்சம். குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு அதில் ஊக்கத்தொகை கழிகிறது. யூனிட் கூடக் கூட அந்த ஊக்கத்தொகை சுருங்கிக்கொண்டே போகும். அவர் வீட்டில் மாதம் 250 யூனிட்தான், பில் ஐம்பது வெள்ளியைச் சுற்றி. காரின் 300 யூனிட் சேர்ந்தால் 550. பில் 185 வெள்ளிக்குப் பக்கம் போய்விடும். ஆக, காருக்கு மின்சாரச் செலவு ஏறக்குறைய 135 வெள்ளி.

சரி, பெட்ரோலுக்கு? 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 என்ற மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரம்பு. 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கும் சாதாரணக் காருக்கு மாதம் 194 வெள்ளி வரும். பிளக் இல்லாத, 5 லிட்டர் குடிக்கும் ஹைப்ரிட் என்றால் 149 வெள்ளி. பிளக்-இன்னுக்கும் சாதாரண ஹைப்ரிட்டுக்கும் மாதம் பதினான்கு, பதினைந்து வெள்ளிதான் வித்தியாசம். 2025 தொடக்கத்தில் வந்த ஜேக்கூ ஜே7 பிளக்-இன் போன்ற கார்கள் அப்போது ஒன்றரை லட்சம் வெள்ளிக்குச் சற்று மேல். முன்பு பென்ஸ், பிஎம்டபிள்யூ விலையில் மட்டும் கிடைத்த பொருள் இவ்வளவு இறங்கியது நல்ல மாற்றம்தான். ஆனால் பல்லாயிரம் வெள்ளி குறைவாக ஒரு சாதாரண ஹைப்ரிட் கிடைக்கும்போது அந்த வித்தியாசத்தை எத்தனை வருடத்தில் மீட்பது? ஆசிரியர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்ரோலுக்குக் கொடுக்கும் மானியம் ஒரு பக்கம், பிளக்-இன்னை இங்கேயே பூட்டுவதற்குக் கொடுக்கும் சலுகை இன்னொரு பக்கம். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது எங்கள் ஊர் போன்ற இடத்தில் பெட்ரோல்தான் ஜெயிக்கிறது. தேவை குறைவாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம் என்பது என் கருத்து.

எல்லோருக்கும் இதே கணக்கு வராது. இந்தத் தோட்டப் பக்கங்களில் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் இருக்கிறவர்கள் உண்டு. வாழ்நாளெல்லாம் இங்கேயே உழைத்தவர்கள். அவர்களுக்கு 1.99 விலை இல்லை. திட்டம் தொடங்கியபோது மானியமில்லா விலை 2.60 வெள்ளியாக இருந்தது. அப்படிப் பார்த்தால் அதே 1,500 கிலோமீட்டருக்குச் சாதாரணக் காரில் 250 வெள்ளிக்கு மேல் போகும். அப்பா பெயரில் கார், அப்பாவே ஓட்டுகிறார், அவரிடம் சிவப்பு அட்டை என்றால் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். இவர்களைப் பற்றி எந்த ஷோரூமிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொருவர் ஈப்போவில் இரவுப் பணி செய்யும் தாதி. கூரையில் சோலார் வைத்திருக்கிறார்கள். காலையில் வீட்டுக்கு வந்து பிளக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். வெயில் ஏறும்போது கார் சார்ஜ் ஆகிறது. நேரத்துக்கேற்ற கட்டணத்துக்குப் பதிவு செய்துகொண்டதால், வார நாட்களில் இரவு 10 முதல் மறுநாள் பிற்பகல் 2 வரை அவருக்கு விலை குறைந்த நேரம். சனி, ஞாயிறு முழுக்கவும் அப்படித்தான். இந்த வீட்டுக்குப் பிளக்-இன் அச்சாகப் பொருந்தியது. பெட்ரோல் பங்கு பக்கமே எப்போதாவதுதான் போகிறார்.

அவர் வீட்டிலும் முதலில் கையில் எடுத்தது ஒயரிங்தான். தோட்டத்தை விட்டு வெளியேறி வாங்கிய விலைகுறைந்த வீடுகளில் பழைய ஒயர்தான் ஓடும். காரோடு கொடுக்கும் மூன்று முனை சார்ஜர் 10 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். 18 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சோற்றுப் பானையோ இஸ்திரிப் பெட்டியோ இவ்வளவு நேரம் ஓடுவதில்லை. அந்தச் சுவர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் முகத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வைத்திருக்க முடியாத சூடு. உருவிப் பார்த்தால் ஒரு முனையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. உடனே நிறுத்தினோம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் பாக்ஸிலிருந்து போர்ச்சுக்குத் தனி ஒயர், தனி பிரேக்கர், தனி மின்கசிவுப் பாதுகாப்பு, கனமான சாக்கெட் என்று போட வைத்தோம். காரின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயரில் சார்ஜ் போடவே கூடாது. போர்ச் இல்லாத வீட்டிலிருந்து லோங்காங் (சாக்கடை) தாண்டி ஒயரை இழுத்துச் சாலையோரக் காருக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் அந்த ஓரத்தில் பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாடும்.

அப்புறம் அந்தப் பழைய கார்கள். முதல் அலையில் வாங்கியவர்கள் கைமாற்றிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். பேட்டரியைப் பற்றிய பயத்தால் அவற்றின் விலை விறுவிறுவென்று இறங்கியது. இப்போது புது ஹோண்டா சிட்டி வாங்கும் பணத்தில் சி350இ கிடைக்கிறது என்று எங்கள் பையன்கள் கண் மின்ன வருகிறார்கள். இங்கே டீலருக்கு லாப வரம்பு நல்லாவே உண்டு, ஏலத்தில் மலிவாக எடுப்பார்கள். அதனால் உற்சாகமாகக் காட்டுவார்கள்.

தம்பி, எடுப்பதானால் இப்படிச் செய். முதல் நாளே போன் போட்டு, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கச் சொல். 'கேபிள் இல்லை' என்றால் அங்கேயே யோசி. போனதும் மின்சார ஓட்டத்தில் மட்டும் வைத்து, ஏர்கானைப் போட்டு, எஞ்சின் தானாக உயிர்பெறும்வரை ஓட்டு. சி350இ புதிதில் சொன்ன மின்சாரத் தூரம் 31 கிலோமீட்டர். சாலையில் புதுக் காரே அவ்வளவு போகாது. பத்துக்குள் எஞ்சின் கிளம்பிவிட்டால் பேட்டரி களைத்துப் போயிருக்கிறது. மின்சாரமே வேண்டாம் என்று ஓட்டலாமே என்று கேட்பாய். பேட்டரியோடு சேர்ந்துதான் அந்தக் காரின் மற்ற வேலைகளும் நடக்கின்றன, அது அடியோடு விழுந்தால் கார் நின்றுவிடும். மாற்றுவதென்றால் பத்தாயிரக்கணக்கில் பேசுவார்கள். ஹை-வோல்ட் வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செல் செல்லாக அளந்து தாள் வாங்கு. விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வந்துவிடு. பின்னால் சாமான் வைக்கும் இடத்தையும் திறந்து பார். பேட்டரி இடம் பிடித்துக்கொண்டதால் சாதாரண சி-கிளாஸில் 480 லிட்டராக இருந்த அந்த இடம் இதில் 335 லிட்டர்தான். தோட்டத்து மண் சாலையில் போகிற குடும்பம் என்றால் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்க்காமல் எடுக்கவே கூடாது.

தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை இருப்பதோடு, சீனக் கார் நிறுவனமான பிஒய்டியும் அங்கே கேஎல்கே தோட்ட நிறுவனத்தின் தொழில்பூங்காவில் கார் பூட்டும் ஆலை கட்டப்போவதாக 2025-இல் அறிவித்தது. நம் பேராக்கிலேயே பூட்டப்படும் கார்கள் வந்தால் நம் ஊர் டீலர்களுக்கும் கார்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அதோடு தேதிகளையும் கவனித்து வருகிறேன். இறக்குமதி மின்சாரக் கார்களுக்கான வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உள்நாட்டில் பூட்டும் மின்சாரக் கார்களுக்கு 2027 கடைசிவரை இருக்கிறது. மின்சாரக் காரின் விலை நகர்ந்தால் பக்கத்தில் நிற்கும் பிளக்-இன்னின் விலையும் நகரும். ஆகவே 2027 தீபாவளி கழிந்ததும் உங்களுக்கு போன்கள் வரத் தொடங்கும், 'இந்த மாசத்தோட முடியுது' என்று.

அப்போது புக்கிங் பணம் கட்டுவதானால், பாரத்திலேயே கையால் எழுதி கடை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன விலை, எந்த உற்பத்தி ஆண்டு, எந்தத் தேதிக்குள் பதிவு, இவற்றில் ஒன்று மாறினாலும் புக்கிங் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். எழுதித் தர மறுத்தால் அதே காரை ஈப்போவில் இன்னொரு கடையில் கேளுங்கள். ஒயர்மேன் வேலையை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல் இப்போதே முடித்துவிடலாம்.